தொழிற்சாலை வளவில் மண்ணரிப்பைத் தடுப்பது எப்படி? கொழும்புக் காணிகளுக்கான முழு வழிகாட்டி

மே மாதப் பின்னேரம் ஒன்றில், கடும் மழை விட்டு அரை மணித்தியாலத்துக்குள், உங்கள் தொழிற்சாலையின் பின்மதிலோரம் போய் வடிகானைப் பாருங்கள். தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடினால், உங்கள் காணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வத்தளைப் பக்கத்தில் பொதியிடும் தொழிற்சாலை ஒன்றின் வளவு வேலைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். முதல் இரண்டு மழைக்காலமும் நான் செய்தது ஒரே வேலைதான்: கான் அடைபட்டதும் பெக்கோவைக் கூப்பிட்டுச் சேற்றை அள்ளினேன். அள்ளிய சேற்றை மதிலோரம் குவித்தோம். அடுத்த மழைக்கு அது திரும்பவும் கானுக்குள் இறங்கியது. மண்ணை அது கிடக்கிற இடத்திலேயே பிடித்து வைக்க வேண்டும், கானுக்குள் இறங்கிய பிறகு பிடிப்பது வீண் செலவு என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியவைதான். ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள். மேட்டில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள்.

1. உங்கள் தண்ணீர் எங்கே போகிறது?

வாசலுக்கு வெளியே உள்ள மதகோடு நமது பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். ஒவ்வொரு தொழிற்சாலைக் காணியும் ஏதோ ஒரு நீரேந்துப் பிரதேசத்தின் துண்டு. கிராண்ட்பாஸ், ஒருகொடவத்தைப் பக்கத்து மழைநீர் சென். செபஸ்தியன் கால்வாய் வழியாகப் போகிறது. இரத்மலானையின் ஒரு பகுதி லுணாவக் களப்புக்கும், இன்னொரு பகுதி பெல்லன்வில–அத்திடிய சதுப்பு வழியாக வெரஸ் கங்கைக்கும் வடிகிறது. பியகமவின் ஓடைகள் களனி கங்கையில் சேரும் இடம், கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலைக்கு மேலே இருக்கிறது. அதாவது பியகமவில் கழுவுப்படும் மண்ணின் ஒரு பங்கைச் சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டித்தான் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நாம் குடிக்கிறோம்.

சமவுயரக் கோடுள்ள வரைபடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு தாளில் கூரைகள், பாதைகள், சாய்வுகள், கான்கள், வெளியேறும் வாய்கள் எல்லாவற்றையும் கையால் கீறுங்கள். பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நடங்கள். நான் கற்றதில் பாதி இந்த நடையில் கற்றது. வெயிலில் சமதரையாகத் தெரிகிற முற்றம், மழையில் எங்கே சாய்கிறது என்று தானே காட்டும். தண்ணீர் கலங்கத் தொடங்குகிற இடங்களைச் சிவப்புப் பேனையால் குறியுங்கள். எங்கள் வளவில் அப்படி நான்கு இடம்தான் இருந்தது: லொறி திரும்பும் மூலை, புதுக் களஞ்சியத்துக்காக வெட்டிய சாய்வு, பீலி இல்லாத ஒரு கூரையின் அடி, பின்மதிலோரச் சேற்றுக் குவியல். முழு வளவையும் திருத்தத் தேவையில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது.

2. மண்ணைப் போத்தலில் போட்டுப் பாருங்கள்

சிவப்புக் குறி போட்ட ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு கைப்பிடி மண் எடுங்கள். கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். மணல் கண் முன்னாலேயே அடியில் இறங்கும். வண்டல் சில மணித்தியாலத்தில் இறங்கும். அடுத்த நாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் அது களி.

இந்தச் சின்னச் சோதனை பெரிய செலவு ஒன்றைத் தீர்மானிக்கிறது. 0.1 மி.மீ. மணல்துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் போதும். 0.01 மி.மீ. வண்டலுக்கு ஏறக்குறைய 3 மணித்தியாலம். 0.001 மி.மீ. களித்துகளுக்கோ, அசையாத தண்ணீரிலேயே, 12 நாளுக்கு மேல். களி கூடின காணியில், சேறு படிவதற்கு எவ்வளவு பெரிய குட்டை வெட்டினாலும் தண்ணீர் தெளியாது. அங்கே காசை மண்ணை மூடுவதில் போடுங்கள், குட்டையில் போடாதீர்கள்.

கொழும்பின் மேட்டு நிலங்களில் மேலே கபுக் என்னும் செம்பூராங்கல், அதற்குக் கீழே வெளிறிய மென்களி. கபுக் காற்றுப் பட்டு இறுகும். அதனால் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கிறது. அதைப் பார்த்து ஏமாந்து இன்னும் ஆழமாக வெட்டினால் களி வெளியே வரும். மழை அடியிலுள்ள களியைக் கரைக்க, மேலே தொங்கும் கபுக் உடைந்து விழும். பள்ள நிலங்களில் கதை வேறு: சதுப்பின் கரிச்சேற்றுக்கு மேலே டிப்பரில் கொண்டுவந்து கொட்டிய கிரவல். அழுத்தாமல் கொட்டிய நிரப்பு மண் எதுவும் முதல் மழைக்கே ஓடும்.

3. எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள்

கொழும்பில் வருடத்துக்குச் சராசரியாக 2,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. ஆனால் கானை உடைப்பது வருடச் சராசரி அல்ல, ஒரு மணித்தியால அடை மழை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லீற்றர். 1,500 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. பெய்தால் 75,000 லீற்றர்.

கானின் அளவுக்கு ஒரு எளிய சூத்திரம்: வழிந்தோடும் விகிதம் (பெய்த மழையில் ஊறாமல் ஓடும் பங்கு; கூரைக்கும் கொங்கிறீற்றுக்கும் 0.9) × மழைச் செறிவு (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேயர்) ÷ 360. விடை விநாடிக்குக் கன மீட்டர். கூரையும் கொங்கிறீற்றுமான 2 ஹெக்டேயர் வளவில் மணிக்கு 100 மி.மீ. பெய்தால், 0.9 × 100 × 2 ÷ 360 = 0.5. விநாடிக்கு 500 லீற்றர் உங்கள் பின்வாசலால் போகும். இதை முகாமையாளரிடம் காட்டுங்கள். நீண்ட விளக்கத்தைவிட இந்த எண் சீக்கிரம் வேலை செய்யும்.

4. அனுமதிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உங்கள் தொழிற்சாலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருந்தால், அதன் நிபந்தனைகளை எடுத்து வாசியுங்கள். உள்நாட்டு நீர்நிலைக்குள் விடும் கழிவுநீரில் தொங்குநிலைத் திண்மங்கள் (தண்ணீரில் கலங்கி நிற்கும் துகள்கள்) லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொதுத் தரம். கால்வாயோரத்தில் எதையும் வெட்டவோ நிரப்பவோ முன், இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துடனும் உங்கள் உள்ளூராட்சி மன்றத்துடனும் எழுத்தில் கதையுங்கள். உயரமான வெட்டுச் சாய்வு என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை இல்லாமல் கை வைக்காதீர்கள்.

5. காலம் பார்த்து இறங்குங்கள்

மண் வேலைக்கு ஜனவரி, பெப்ரவரிதான். கொழும்பில் ஆகக் குறைந்த மழை அந்த இரண்டு மாதத்திலும். மார்ச் நடுப்பகுதிக்குள் வெட்டு வேலையை முடித்து, பின்னேர இடிமழை தொடங்கும்போது நடுகையைத் தொடங்குங்கள். பிறகு தண்ணீர் ஊற்றுகிற செலவே இல்லை. அந்தக் காலம் தவறினால் ஓகஸ்டில் வெட்டிச் செப்டெம்பரில் நடலாம். மேயிலும் ஒக்டோபர், நவம்பரிலும் ஒரு பிடி மண்ணையும் திறக்காதீர்கள். 2010 நவம்பரில் ஒரே இரவில் 400 மி.மீ.க்கு மேல் கொட்டிப் பாராளுமன்ற வளவே தண்ணீரில் நின்றது. அப்படியொரு இரவில் திறந்து கிடக்கும் சாய்வை எந்த வேலியாலும் காப்பாற்ற முடியாது.

முழுக் காணியையும் ஒரே தடவையில் வழிக்கவும் விடாதீர்கள். ஒப்பந்தக்காரருக்கு அது இலகு, நாள்கூலியும் மிச்சம். ஆனால் இந்தக் கிழமை கட்டப்போகிற துண்டை மட்டும் திறப்பதுதான் இருக்கிற எல்லா வழிகளிலும் மலிவான பாதுகாப்பு.

6. நல்ல தண்ணீரைச் சேற்றில் விடாதீர்கள்

கூரைத் தண்ணீர் சுத்தமானது. அது பீலியில்லாமல் வெறும் மண்ணில் விழுந்தால் மண்ணை உழுதுவிடும். முதலில் எல்லாக் கூரைக்கும் பீலி, எல்லாப் பீலிக்கும் இறங்கு குழாய், எல்லாக் குழாய்க்கும் நேரே கானுக்கோ தொட்டிக்கோ போகும் வழி. அந்தத் தண்ணீரை மலசலகூடத்துக்கும் வளவு கழுவவும் எடுத்தால் தண்ணீர் பில்லும் குறையும்.

அடுத்தது, சாய்வுக்கு மேலே ஒரு மறிப்பு வாய்க்கால். மேட்டிலிருந்து வரும் தண்ணீரைச் சாய்வில் இறங்கவிடாமல் பக்கமாகத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அரை மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் மெதுவான இறக்கம், உள்ளே புல். வாய்க்கால் முடிகிற இடத்தில் கருங்கல் பரப்புங்கள். இல்லாவிட்டால் அந்த வாயிலேயே புதுக் கிடங்கு விழும்.

7. மண்ணை மூடுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மழைத்துளி வேகமாக வந்து அடித்து மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த துகளைத்தான் ஓடும் தண்ணீர் தூக்கிப் போகிறது. துளி மண்ணில் நேரே படாவிட்டால் அரிப்பு தொடங்குவதற்கே வழி குறைவு.

ஒரு கிழமைக்குத் திறந்திருக்கும் குவியலுக்குத் தார்ப்பாய் போதும். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் வைக்கோல், வெட்டிய புல், நறுக்கிய தென்னோலை என்று எதையாவது மண் தெரியாதபடி பரப்புங்கள். நிரந்தரச் சாய்வுக்குத் தும்பு வலை. உலகமெங்கும் கப்பலேற்றுகிற சாமான் நமது தென்னை முக்கோணத்திலேயே செய்யப்படுகிறது. இருந்தும் கொழும்பில் எத்தனையோ வளவுகளில் பிளாஸ்டிக் வலையைக் காண்கிறேன். தும்பு வலை சில வருடங்கள் நின்று, வேர் பிடித்த பிறகு உக்கி மண்ணோடு சேரும். பிளாஸ்டிக் கிழிந்து கானை அடைக்கும்.

போடும் முறை முக்கியம். நிரப்பு மண் என்றால் சாய்வை முதலில் ஒன்றுக்கு இரண்டாகச் சரியுங்கள்: ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் கிடை. இறுகிய மேல்மண்ணைக் கொத்தி, கூட்டெருவைக் கலந்து, புல் விதை தூவுங்கள். சாய்வின் தலையில் 30 செ.மீ. ஆழத்தில் நீளப் பள்ளம் வெட்டி, வலையின் முனையை உள்ளே புதைத்து, மேலிருந்து கீழாக உருட்டுங்கள். குறுக்காக உருட்டக்கூடாது. பக்கத்து வலையோடு 15 செ.மீ. மேவ வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒன்றாக முளை அடியுங்கள். வலை எங்கேயும் மண்ணைத் தொடாமல் தொங்கக்கூடாது. தொங்கினால் தண்ணீர் அதற்கு அடியால் ஓடி, மேலே ஒன்றும் தெரியாமலே சாய்வைக் குடைந்துவிடும். எங்கள் முதல் சாய்வு அப்படித்தான் போனது.

வலைக்கு இடையிடையே வெட்டிவேர். வேர் பக்கமாகப் பரவாமல் 2 முதல் 4 மீட்டர் வரை நேரே கீழே இறங்கும். உப்பையும் பார உலோகங்களையும் மற்றப் புற்களைவிடத் தாங்கும். சமவுயரக் கோட்டில், 10–15 செ.மீ. இடைவெளியில் இரண்டு மூன்று தண்டுள்ள துண்டுகளாக நடுங்கள். 30 மீட்டர் வரிசைக்கு 15 செ.மீ. என்றால் 200 துண்டு வேண்டும். வரிசைக்கும் வரிசைக்கும் இடையில் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் உயர வித்தியாசம். இடையில் துண்டு பட்டுப்போனால் உடனே நிரப்புங்கள். வேலியில் ஒரு ஓட்டை இருந்தால் தண்ணீர் முழுவதும் அந்த ஓட்டையால்தான் வரும். நிழல் விழும் மதிலோரத்தில் வெட்டிவேர் சோம்பும், அங்கே கிளிசிரிடியாக் கம்புகளை ஊன்றலாம்.

லொறி திரும்பும் மூலையில் புல் நிற்காது. அங்கே மண்ணுக்கு மேல் புவித்துணி (தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் செயற்கைத் துணி) விரித்து, அதன் மேல் 20 செ.மீ. கருங்கல் சல்லி. துணி இல்லாமல் சல்லி போட்டால் ஒரு மழைக்காலத்தில் சல்லி முழுவதும் சேற்றுக்குள் போய்விடும்.

8. ஓடும் தண்ணீரை மெதுவாக்குங்கள்

மண் வாய்க்காலில் கருங்கல் தடுப்பணைகள். மேல் அணையின் அடியும் கீழ் அணையின் தலையும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். 60 செ.மீ. உயர அணை, நூற்றுக்கு ஐந்து சாய்வு என்றால் இடைவெளி 12 மீட்டர். அணையின் நடுப்பகுதி ஓரங்களைவிட 15 செ.மீ.யாவது தாழ்வாக இருக்கட்டும்; இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தைத் தின்று சுற்றிப் போகும்.

கம்புகளில் துணி கட்டிச் சேற்றை மறிக்கும் சேற்றுவேலியை எல்லாரும் போடுகிறார்கள், பெரும்பாலும் பிழையாகப் போடுகிறார்கள். கம்புகள் 2 மீட்டர் இடைவெளியில், துணியின் அடி 15–20 செ.மீ. மண்ணுக்குள் புதைந்து, இரு முனையும் மேட்டுப்பக்கம் வளைந்து இருக்க வேண்டும். 30 மீட்டர் வேலிக்கு மேலே 0.1 ஹெக்டேயருக்கு மேல் பரப்பு வரக்கூடாது. கானுக்குக் குறுக்கே ஒருபோதும் கட்டாதீர்கள். அது பரந்து வரும் தண்ணீருக்கானது. ஓடைபோல் வரும் தண்ணீர் அதை உடைத்துக்கொண்டுதான் போகும்.

9. தெளிகுட்டை

இத்தனைக்குப் பிறகும் தப்பி வரும் மண்ணுக்குத்தான் குட்டை. திறந்து கிடக்கும் ஒரு ஹெக்டேயருக்கு 250 கன மீட்டர் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. அரை ஹெக்டேயர் என்றால் 125 கன மீட்டர். மேற்பரப்பில் 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம், பக்கங்கள் ஒன்றுக்கு ஒன்றரைச் சாய்வு என்று வெட்டினால் தாராளமாகப் போதும். ஆறு பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூட. கொழும்பில் ஆறு பேர்ச் என்றால் முதலாளி முகம் சுளிப்பார் என்பது தெரியும். அப்போது 5ஆம், 7ஆம் படிகளுக்குத் திரும்பிப் போய்த் திறந்த பரப்பைக் குறையுங்கள். பரப்பு பாதியானால் குட்டையும் பாதியாகும்.

தண்ணீர் ஒரு முனையால் வந்து மறுமுனையால் போகட்டும். நீளம் அகலத்தைவிட இரண்டு மடங்காவது வேண்டும். வெளியேறும் குழாய் மேல்மட்டத் தண்ணீரை எடுக்க வேண்டும். பெருமழைக்குக் கருங்கல் பதித்த வழிவாய் ஒன்று தனியே வேண்டும். குட்டை பாதி நிரம்பியதும் அள்ளுங்கள். படிகாரம் போட்டுக் களியைத் தெளிய வைக்கலாம், ஆனால் அளவை ஆய்வுகூடத்தில் பார்த்தபின் மட்டும். படிகாரம் தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டும். சதுப்பிலிருந்து வரும் தண்ணீர் ஏற்கனவே அமிலத்தன்மையானது.

நுளம்பை மறக்க வேண்டாம். பெரிய குட்டையைவிட, மடிந்து கிடக்கும் தார்ப்பாய், சேற்றுவேலியின் மடிப்பு, கைவிட்ட வாளி இவற்றில்தான் டெங்கு நுளம்பு பெருகும். மழை விட்டதும் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்வரை காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது. குட்டைக்குள் கப்பி மீன் விடலாம்.

10. பழைய தொழிற்சாலைக் காணி என்றால்

எண்ணெய், சாயம், உலோகத்தூள் பட்ட மண்ணில் பார உலோகங்கள் களித்துகளோடு ஒட்டிக்கொள்ளும். மண் ஓடினால் அவையும் ஓடும். லுணாவக் களப்பில் மீன்பிடி அழிந்துபோனதற்குப் பின்னால் இரத்மலானைத் தொழிற்சாலைகளின் கழிவு இருந்தது. இப்படியான இடத்தில் மழைநீரை நிலத்துக்குள் இறக்காதீர்கள், எண்ணெய் பிரிக்கும் தொட்டி வைத்துத் தனிக் கானில் விடுங்கள். குட்டைச் சேற்றைப் பரிசோதிக்காமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. அபாயகரக் கழிவு என்று வந்தால் 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி உரிமம் பெற்றவரிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டும்.

11. பள்ளத்துச் சதுப்பை மீட்பது

2018இல், ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அந்த ஈரநிலங்களின் ஓரங்களில் நமது தொழிற்சாலைகளின் பின்மதில்கள்தான் நிற்கின்றன. எங்கள் வளவின் பின்பக்கம் அரை ஏக்கர் சதுப்பு இருக்கிறது. முன்பு அதைப் பயனில்லாத துண்டு என்று கிரவல் கொட்டத் திட்டம் போட்டிருந்தார்கள். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்த பிறகு அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேன். நிரப்பினால் அந்த அரை ஏக்கர் பிடித்து வைக்கிற தண்ணீர் வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ போகும்.

மீட்பு வேலையில் முதலில் நடுவது அல்ல, தண்ணீரின் வழியைத் திறப்பது. அடைபட்ட மதகுகளைத் துப்புரவாக்கி, பழைய கட்டிட இடிபாடுகளை அகற்றுங்கள். ஆனால் கரிச்சேற்றைத் தோண்டிக் காயவிடாதீர்கள்; அதிலுள்ள கந்தகச் சேர்மம் காற்றுப் பட்டால் அமிலமாகும், துருநிறத் தண்ணீர் ஊறும், நட்டது எல்லாம் கருகும். முத்துராஜவெல ஓரக் காணிகளில் இதில் விசேட கவனம் வேண்டும்.

பிறகு களைகள். கொழும்புச் சதுப்புகளைப் பிடித்திருக்கும், சீத்தாப்பழ இனத்து அந்நிய மரமான வெல் ஆத்தாவை வெட்டி, அதன் பழங்களைப் பொறுக்கி அகற்றுங்கள். விட்டால் அவை தண்ணீரில் மிதந்து போய் முளைக்கும். ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் கூட்டெருவாக்குங்கள். கடைசியாக நடுகை: தண்ணீருக்குள் சம்பும் பன்னும், ஈரக் கரையில் தாழையும் வம்மியும், மேட்டில் மருது. கானின் வாய்க்கும் சதுப்புக்கும் இடையில் 10 மீட்டர் அகலப் புற்பட்டி ஒன்று விடுங்கள். அலங்காரத்துக்காக அதை ஒட்ட வெட்ட வேண்டாம்.

12. பராமரிப்பும் பக்கத்து வளவும்

நேர்ச்சுவருள்ள ஒரு தகர டின்னில் மழையை அளந்து கொப்பியில் எழுதுங்கள். 25 மி.மீ.க்கு மேல் பெய்த ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று: வேலி சாய்ந்ததா, அணை ஓரம் அரித்ததா, குட்டையில் எவ்வளவு சேறு. வெளியேறும் வாயில் ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் பிடித்துத் திகதி ஒட்டி வையுங்கள். எங்கள் அலுவலக யன்னலில் மூன்று வருடப் போத்தல்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் இரண்டாவது சாய்வுக்கான பணத்தை ஒதுக்கினார்கள்.

மேட்டிலுள்ள பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து சேறு வந்தால் முறைப்பாட்டுக்கு முன் ஒரு தடவை நேரே போய்க் கதையுங்கள். நாங்கள் போனபோது வெட்டிவேரும் கொண்டுபோனோம். மூன்றாம் வருடத்தில் ஒரு பற்றையைக் கிளப்பி, மேலே 20 செ.மீ. விட்டு வெட்டி, துண்டுகளாகப் பிரித்தால் அடுத்த வரிசைக்குத் தாராளமாகக் காணும். போன மார்ச்சில் 400 துண்டு கொடுத்தோம். அவர்களுடைய மதிலோரத்தில் இப்போது இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது.